முடக்குவாதமும் சர்க்கரைக் கிளைகளும்

1938இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் விநோதமான ஒன்றைப் பதிவுசெய்தார். முடக்குவாதத்தால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்ட பெண்கள் பலருக்குக் கருவுற்றதும் வலி தணிந்தது. விரல் மூட்டுகளின் வீக்கம் வடிந்தது, காலையில் கையை மடக்கவிடாத விறைப்பு விலகியது. குழந்தை பிறந்து சில மாதங்களில் நோய் பழையபடி திரும்பியது. மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் இப்படியொரு தற்காலிக நிவாரணம் கிடைப்பதை அவர் அதற்கு முன்பே கவனித்திருந்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் மூட்டைக் காக்கிறது என்று அவர் நம்பினார். அந்தத் தேடல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டில் போய் முடிந்தது. 1948இல் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. 1950இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

கார்ட்டிசோன் மருத்துவத்தையே மாற்றியது. ஆனாலும் கர்ப்பகாலப் புதிர் முழுதாக அவிழவில்லை. அந்த நிவாரணத்துக்குப் பல காரணங்கள் உண்டு என்று இன்று அறிவோம். அவற்றில் ஒன்று, ஹென்ச்சின் காலத்தில் யாரும் தேடிப் பார்க்காத இடத்தில் இருந்தது: ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புரதங்களின் (ஆன்டிபாடி) மேல் முளைத்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு சர்க்கரைக் கிளையில்.

மூட்டுவலியையும் சர்க்கரையையும் சேர்த்துப் பேசினால் நம் எண்ணம் உடனே இனிப்புக்கும் நீரிழிவுக்கும் போகிறது. உடலுக்குள் சர்க்கரை செய்யும் வேலைகள் அதைவிடப் பல. எரிந்து ஆற்றல் தருவது ஒரு வேலை. புரதங்களின் மேல் ஏறி அவற்றின் நடத்தையைத் தீர்மானிப்பது இன்னொன்று. இவை போக, நொதிகளின் கட்டளை ஏதுமின்றித் தானாகவே புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுப்பதும் உண்டு. மூட்டழற்சியில் இந்த மூன்றுக்குமே பங்கு இருக்கிறது. மூன்றையும் பிரித்தறிந்தால்தான், ‘இனிப்பை விட்டால் முடக்குவாதம் போய்விடும்’ என்பது போன்ற பேச்சுகளில் உண்மை எவ்வளவு என்பது விளங்கும்.

தண்டில் முளைத்த கிளை

முடக்குவாதம் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதானால் முழங்கால் தேய்வது வேறு நோய். முடக்குவாதத்தில் உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது.

இந்த நோயில் எதிர்ப்புரதங்கள் தடுமாறுகின்றன என்பது 1940இலேயே தெரிந்துவிட்டது. நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர், நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு விசித்திரமான பொருளைக் கண்டார். 1948இல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் அதை மீண்டும் கண்டறிந்தார். இன்றும் ஆய்வகங்களில் ‘ருமட்டாய்டு ஃபேக்டர்’ என்ற பெயரில் பரிசோதிக்கப்படுவது அதுதான். அது ஓர் எதிர்ப்புரதம். அதன் இலக்கு கிருமி அன்று. நம் உடலின் இன்னொரு எதிர்ப்புரதத்தைத்தான் அது பிடிக்கிறது.

அந்த இன்னொரு எதிர்ப்புரதத்தின் பெயர் இம்யூனோகுளோபுலின் ஜி, சுருக்கமாக ஐ.ஜி.ஜி. நம் ரத்தத்தில் அதிகமாக இருப்பது இதுவே. ஆங்கில ‘ஒய்’ எழுத்தின் வடிவம் கொண்டது. மேலே உள்ள இரு கைகள் எதிரியைப் பிடிக்கும். கீழே உள்ள தண்டு, நோய் எதிர்ப்புச் செல்களையும் ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமெண்ட் புரதங்களையும் வரவழைத்து, ‘இதைத் தாக்கு’ என்று சொல்லும். தண்டின் இரு பாதிகளிலும், அமினோ அமில வரிசையில் 297ஆவது இடத்தில் ஒரு சர்க்கரைக் கிளை ஒட்டியிருக்கிறது. எதிர்ப்புரதத்தின் எடையில் இது இரண்டு மூன்று சதவீதம்தான். ஆனால் இந்தக் கிளையை முழுதாக வெட்டிவிட்டால், நோய் எதிர்ப்புச் செல்களால் தண்டைச் சரியாகப் பற்ற முடிவதில்லை. கைகள் எதிரியைப் பிடித்திருக்கும், தாக்குதல் மட்டும் தொடங்காது.

புரதத்தின் மேல் நொதிகள் சர்க்கரையை ஏற்றும் இந்தச் செயலுக்கு கிளைகோசைலேஷன் என்று பெயர். ஒரு புரதத்தில் எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது வரவேண்டும் என்பதை மரபணு எழுத்துக்கு எழுத்து சொல்லிவிடுகிறது. சர்க்கரைக் கிளைக்கு அப்படியொரு எழுத்துப் பிரதி கிடையாது. கோயில் வாசலில் பூக்கட்டுபவரின் மாலை, அந்த நேரத்தில் கூடையில் என்னென்ன பூ இருக்கிறது, கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும். செல்லுக்குள் கோல்கி என்ற பகுதியில் நடப்பதும் இதுவே. கையிருப்பில் உள்ள சர்க்கரைகள், அவற்றைக் கோக்கும் நொதிகளின் அளவு, புரதம் அங்கே தங்கும் நேரம் ஆகியவை சேர்ந்து கிளையின் இறுதி வடிவத்தை முடிவு செய்கின்றன. அதனால்தான் ஒரே மரபணுவிலிருந்து பிறந்த எதிர்ப்புரதங்கள்கூட வேறு வேறு கிளைகளோடு வெளியே வருகின்றன. உடலின் நிலை மாறினால் கிளையும் மாறுகிறது.

ஐ.ஜி.ஜி.யின் கிளையில் அடிப்பகுதி பெரும்பாலும் ஒன்றே. நுனியில்தான் வேறுபாடு. கிளை இரண்டாகப் பிரிந்து முடியும் இடத்தில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேலக்டோஸ் இருந்தால் அதன்மேல் சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரை ஏறலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் எண்ணிய கேலக்டோஸ்

1985இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராஜ் பரேக், ரேமண்ட் டுவெக் உள்ளிட்டோர் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் இணைந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடக்குவாத நோயாளிகளின் ஐ.ஜி.ஜி.யைப் பிரித்தெடுத்து, அதன் சர்க்கரைக் கிளைகளை அவர்கள் வகைபிரித்தார்கள். நோயாளிகளிடம் நுனியில் கேலக்டோஸ் இல்லாத மொட்டைக் கிளைகள் மிகுந்திருந்தன. எதிர்ப்புரதத்தின் புரதப் பகுதியில் குறையில்லை, அதன் சர்க்கரை நுனிதான் குறைந்திருந்தது. உயிரினங்களின் சர்க்கரைகளை ஆராயும் துறைக்கு டுவெக்கும் சக ஆய்வாளர்களும் 1988இல் ‘கிளைகோபயாலஜி’ என்று பெயரிட்டார்கள். அந்தத் துறை வேகம் பிடித்ததில் இந்த மூட்டு ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

கேலக்டோஸ் ஏன் குறைகிறது? ரத்தத்தில் கேலக்டோஸ் தட்டுப்பாடு வந்ததால் அன்று. நம் செல்கள் குளுக்கோஸையே கேலக்டோஸாக மாற்றிக்கொள்ள வல்லவை. அதை எதிர்ப்புரதத்தின் மேல் ஏற்றும் நொதியின் செயல்பாடு, முடக்குவாத நோயாளிகளின் பி செல்களில், அதாவது எதிர்ப்புரதங்களை உண்டாக்கும் செல்களில், குறைந்திருப்பதை 1980களிலேயே கண்டார்கள். பால் குடித்து இந்தக் குறையை நிரப்பிவிட முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

மொட்டைக் கிளை என்ன கெடுதல் செய்கிறது? கேலக்டோஸ் இல்லாதபோது அதற்கு அடியில் உள்ள சர்க்கரை வெளியே தெரிகிறது. மன்னோஸ் பிணைப்பு லெக்டின் என்ற ரத்தப் புரதம், கிருமிகளின் மேலுறையில் உள்ள சர்க்கரைகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே உருவானது. கேலக்டோஸ் இழந்த எதிர்ப்புரதங்கள் நெருக்கமாகக் கூடியிருந்தால், இந்த லெக்டின் அவற்றையும் பிடித்துக் காம்ப்ளிமெண்ட் தாக்குதலைத் தொடங்கும் என்பதை 1995இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரே காட்டினார்கள்.

சியாலிக் அமிலத்தின் கதை இதற்கு நேர்மாறு. பலரிடமிருந்து தானம் பெற்ற ரத்தத்தின் ஐ.ஜி.ஜி.யை ஒன்றுசேர்த்து, அதிக அளவில் நரம்பு வழியே செலுத்தினால் சில அழற்சி நோய்கள் தணியும். எதிர்ப்புரதத்தைக் கொடுத்து அழற்சியை எப்படி அடக்க முடிகிறது என்பது நீண்டகாலக் கேள்வி. 2006இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ரவெட்ச்சின் குழு ஒரு பதிலைத் தந்தது. அந்த மருந்திலிருந்து சியாலிக் அமிலத்தை நீக்கியபோது எலிகளின் மூட்டழற்சியைத் தணிக்கும் திறன் மறைந்தது. சியாலிக் அமிலம் ஏறிய பகுதியை மட்டும் பிரித்துக் கொடுத்தபோது, பத்தில் ஒரு பங்கு அளவே போதுமானதாக இருந்தது. மனித உடலில் இதே வழிமுறைதான் முழுமையாக வேலை செய்கிறதா என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் கிளையின் நுனி, எதிர்ப்புரதம் அழற்சியைத் தூண்டுமா அடக்குமா என்பதைத் திருப்பிவிடக்கூடியது என்பதில் இப்போது ஐயமில்லை.

கருவுற்ற பெண்ணின் ரத்தத்தில்

இனி ஹென்ச்சின் புதிருக்கு வரலாம். கர்ப்பகாலத்தில் ஐ.ஜி.ஜி.யின் மேல் கேலக்டோஸ் கூடுகிறது, பிரசவத்துக்குப் பிறகு குறைகிறது. நோய் தணிவதும் திரும்புவதும் இதே போக்கில் நடப்பதை 1990களில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பின்னர் நெதர்லாந்தில் முடக்குவாதம் உள்ள கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வும் இதை உறுதி செய்தது. பழைய பதிவுகளில் முக்கால்வாசிப் பெண்களுக்கு நிவாரணம் கிடைத்ததாக இருந்தது. கறாரான அளவுகோல்களைக் கொண்ட இந்தப் புதிய ஆய்வில் அது ஏறத்தாழ பாதிதான். கேலக்டோஸ் ஒன்றே இந்த நிவாரணத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. கருவை ஏற்றுக்கொள்வதற்காகத் தாயின் நோய் எதிர்ப்பு அமைப்பு பல வழிகளில் தன்னை மாற்றிக்கொள்கிறது. சர்க்கரைக் கிளை அவற்றில் ஒன்று.

ஹார்மோன்கள் கிளையை மாற்றும் என்பதற்கு நேரடிச் சான்று 2018இல் கிடைத்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது, சியாலிக் அமிலத்தை ஏற்றும் நொதி எலிகளின் எதிர்ப்புரதச் செல்களில் கூடியது. மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் சிகிச்சை பெற்ற முடக்குவாத நோயாளிகளின் ஐ.ஜி.ஜி.யிலும் சியாலிக் அமிலம் கூடியது. மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிப் பெண்களிடம் இந்நோய் அதிகம் தலைகாட்டுவதைப் புரிந்துகொள்ள இது ஒரு வழி திறக்கிறது.

எதிர்த் திசையிலும் கிளை மாறும். 2017இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள், இன்டர்லியூகின்-23 என்ற அழற்சிச் சமிக்ஞை இதே நொதியைக் குறைத்துவிடுகிறது என்று எலிகளில் காட்டினார்கள். எலியின் உடலில் மூட்டைத் தாக்கும் எதிர்ப்புரதங்கள் ஏற்கெனவே இருந்தன. இன்டர்லியூகின்-23 அவற்றின் சர்க்கரை நுனியைக் குறைத்த பிறகே நோய் வெளிப்பட்டது.

எதிர்ப்புரதம் இருந்தும் நோய் வெளிப்படாத இதே போன்ற ஓர் இடைவெளி மனிதர்களிடமும் உண்டு. முடக்குவாதத்தில், சில அமினோ அமிலங்கள் சிட்ருலினாக மாறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் தனிச்சிறப்பு வாய்ந்தவை. மருத்துவர்கள் எழுதித் தரும் ‘ஆன்டி-சி.சி.பி.’ பரிசோதனை இவற்றைத்தான் கண்டறிகிறது. மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சிலரிடம் பத்தாண்டுக்கும் முன்பே, இவை ரத்தத்தில் தோன்றிவிடுகின்றன. அத்தனை ஆண்டுகள் வலியில்லாமல் இருந்தவருக்கு ஒரு நாள் நோய் ஏன் தொடங்குகிறது? நோய் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு இந்த எதிர்ப்புரதங்களின் தண்டில் கேலக்டோஸ் குறைவதை நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்களே இன்னொரு வியப்பையும் கண்டார்கள். சாதாரண ஐ.ஜி.ஜி.யில் 15 முதல் 25 சதவீதத்துக்குத்தான் எதிரியைப் பிடிக்கும் கைப்பகுதியிலும் சர்க்கரைக் கிளை இருக்கும். இந்த எதிர்ப்புரதங்களிலோ 90 சதவீதத்துக்கும் மேல் அப்படி இருக்கின்றன. பி செல்களின் மரபணுவில் புதிது புதிதாக ஏற்படும் மாற்றங்கள், சர்க்கரை ஏற வாகான இடங்களை அங்கே உண்டாக்குகின்றன. கையில் ஏறிய இந்தச் சர்க்கரை, தவறாகத் தாக்கும் பி செல் அழியாமல் தப்பிப் பிழைக்க உதவுகிறது என்று அவர்கள் கருதுகிறார்கள்.

கிளையின் மாற்றம் எதிர்ப்புரதத்தோடு நிற்பதில்லை. மூட்டுச் சவ்வில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் மேலுறை முழுக்கச் சர்க்கரைக் கிளைகள்தான். டி.என்.எஃப். என்ற அழற்சிச் சமிக்ஞை பட்டால் இந்தச் செல்களும் தம் சியாலிக் அமிலத்தை இழக்கின்றன, அழற்சியைத் தூண்டும் குணத்துக்கு மாறுகின்றன. 2021இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள்.

வீங்கிய மூட்டின் பசி

இதுவரை பேசியது புரதத்தின் மேல் ஏறிய சர்க்கரை. எரிபொருளான சர்க்கரையின் கணக்கு வேறு.

நலமான மூட்டில் உட்சவ்வின் மேற்பரப்பு ஒன்று முதல் மூன்று செல்களின் தடிமன் உடையது. முடக்குவாதத்தில் அது பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளாகத் தடிக்கிறது. ரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்தாலும் அத்தனை செல்களுக்கும் ஆக்ஸிஜன் போதவில்லை. ஆக்ஸிஜனோடு எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறுகள் ஏறத்தாழ முப்பது கிடைக்கும். ஆக்ஸிஜன் இன்றி உடைத்தால் கிடைப்பது இரண்டுதான். ஆகவே செல்கள் ஏராளமான குளுக்கோஸை விழுங்குகின்றன, கழிவாக லாக்டிக் அமிலத்தை (லாக்டேட்) கொட்டுகின்றன. முடக்குவாத மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த திரவத்தில் குளுக்கோஸ் குறைந்தும் லாக்டேட் மிகுந்தும் இருப்பது இதனால்தான்.

புற்றுநோய்க் கட்டிகள் இப்படிக் குளுக்கோஸை விழுங்குவதை 1920களில் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்திருந்தார். புற்றுநோயைத் தேடப் பயன்படும் பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்துகிறார்கள். அதே ஸ்கேனில் முடக்குவாதம் தாக்கிய மூட்டுகளும் ஒளிர்கின்றன. சவ்வுச் செல்கள் புற்றுநோய்ச் செல்கள் அல்ல, ஆனால் பரவி அரிக்கும் குணத்திலும் சர்க்கரைப் பசியிலும் அவற்றை நெருங்குகின்றன.

இந்தப் பசி அழற்சியின் விளைவு மட்டுமன்று, அதை வளர்ப்பதும் அதுவே. வெளியேறிய லாக்டேட், அங்கு வந்த டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை வெளியேறவிடாமல் அங்கேயே தங்க வைக்கிறது, அழற்சிப் பொருள்களைச் சுரக்கவும் தூண்டுகிறது. ஸ்டான்ஃபோர்டில் கொர்னேலியா வெய்யாண்ட், யோர்க் கொரோன்சி ஆகியோரின் குழு இன்னொரு கோணத்தைக் காட்டியது. முடக்குவாத நோயாளிகளின் டி செல்களில் குளுக்கோஸை எரிக்கும் பாதையின் ஒரு முக்கிய நொதி குறைவு. அதனால் குளுக்கோஸ் வேறு பாதைக்குத் திரும்பி, செல் பெருகுவதற்கான மூலப்பொருளாகிறது. அந்த டி செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி மூட்டைத் தாக்கும் வகைகளாக மாறுகின்றன.

எரிபொருளும் சர்க்கரைக் கிளையும் ஒரே கிடங்கிலிருந்துதான் வருகின்றன. செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸில் இரண்டு முதல் ஐந்து சதவீதம் ஹெக்ஸோசமின் பாதை என்ற கிளைவழியில் போய், புரதங்களின் மேல் ஏற்றும் சர்க்கரைகளைத் தயாரிக்கிறது. ஆக, செல்லின் பசி மாறினால் அதன் மேலுறையும் மாற வழி இருக்கிறது. மூட்டழற்சியை வளர்சிதை மாற்ற நோயாகவும் பார்க்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் இன்று சொல்வதன் பொருள் இதுதான்.

சர்க்கரையை உடைக்கும் நொதியே தாக்குதலின் இலக்காகவும் ஆகலாம். 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் கிறிஸ்டோஃப் பெனுவா, டயான் மாத்திஸ் ஆகியோரின் ஆய்வகத்தில் கலப்பினத்தால் பிறந்த சில எலிகளுக்குத் தானாகவே மூட்டழற்சி வந்தது. அவற்றின் எதிர்ப்புரதங்கள் எதைத் தாக்குகின்றன என்று தேடியபோது, 1999இல் விடை கிடைத்தது: குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஐசோமரேஸ். குளுக்கோஸை உடைக்கும் பாதையில் இரண்டாம் படியைச் செய்யும் இந்த நொதி உடலின் எல்லாச் செல்களிலும் உண்டு. பிறகு மூட்டு மட்டும் ஏன் வீங்கியது? அந்த நொதி குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிந்திருந்தது. காம்ப்ளிமெண்ட் தாக்குதலைத் தடுக்கும் பாதுகாப்பு அந்தப் பரப்பில் இல்லை. மனித முடக்குவாதத்துக்கு இந்த நொதி பொதுவான காரணம் அல்ல. ஆனால் அதே பாதையில் உள்ள இனோலேஸ் என்ற இன்னொரு நொதி, அமினோ அமிலங்கள் சிட்ருலினாக மாறிய வடிவில், நோயாளிகளில் ஒரு பிரிவினரின் எதிர்ப்புரதங்களுக்கு இலக்காகிறது. உடலெங்கும் பரவிய ஒரு கோளாறு மூட்டில் மட்டும் நோயாக வெடிக்க முடியும் என்பதை அந்த எலிகள் கற்றுத்தந்தன.

தானாக ஒட்டும் சர்க்கரை

மூன்றாவது வேலையில் நொதிக்கு இடமில்லை. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் புரதங்களில் மெல்ல மெல்லத் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. இதற்கு கிளைகேஷன் என்று பெயர். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி மயார் விவரித்த வினை இது. தோசை பொன்னிறமாக முறுகுவதும் இதே வினையால்தான். நீரிழிவுக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை, ஹீமோகுளோபினில் இப்படி ஒட்டிய குளுக்கோஸின் அளவையே சொல்கிறது.

சிவப்பணுவுக்கு ஆயுள் நான்கு மாதம், அதோடு ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். குருத்தெலும்பின் கொலாஜன் புரதமோ பாதி அழிந்து புதுப்பிக்கப்படவே நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது இளமையில் உருவான கொலாஜன்தான் முதுமை வரை நம்மைச் சுமக்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரை காலப்போக்கில் இழைகளைக் குறுக்குநெடுக்காகப் பிணைக்கிறது. குருத்தெலும்பு மஞ்சளித்து, விறைத்து, எளிதில் விரிசல் விடுவதாகிறது. இப்படி மாறிய புரதங்கள் செல்களின் மேலுள்ள ‘ரேஜ்’ என்ற ஏற்பியைத் தொட்டு அழற்சியையும் கிளறுகின்றன. முழங்கால் தேய்மானத்துக்கு முதுமை ஏன் பெரிய காரணம் என்பதில் இதற்கும் பங்குண்டு.

நீண்டகால நீரிழிவில் இதைக் கையிலேயே பார்க்கலாம். கைகூப்பி வணங்கும்போது சிலருக்கு விரல்கள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை, நடுவில் இடைவெளி விழுகிறது. தோலும் தசைநாண்களும் விறைத்ததால் வரும் இந்த நிலை முடக்குவாதம் அன்று. நீரிழிவு பரவலாக உள்ள நம் ஊரில் இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வது நல்லது.

தட்டில் இருக்கும் சர்க்கரை

அப்படியானால் நாம் சாப்பிடும் சர்க்கரைக்கு என்ன பங்கு? அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தை நாள்தோறும் ஒன்றோ அதற்கு மேலோ குடித்த பெண்களுக்கு, குடிக்காதவர்களையும் மிக அரிதாகக் குடித்தவர்களையும்விட, ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புரதம் தெரியும் வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்தது. கூடவே நடப்பது எல்லாம் காரணம் ஆகிவிடாது. நூறில் ஒருவருக்கு வரும் நோய், நூறில் ஒன்றரைக்கும் சற்று அதிகமானோருக்கு வரும் அளவிலான உயர்வு இது. ஆயினும் புறக்கணிக்கக்கூடியது அன்று.

கீல்வாதத்தில் சான்று இன்னும் உறுதியானது. யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகி, பெரும்பாலும் கால் கட்டைவிரலில் தாங்கமுடியாத வலியைத் தரும் நோய் அது. ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலில் நுழைந்ததும் கட்டுப்பாடின்றி ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறது. அதன் எச்சம் யூரிக் அமிலமாகிறது. சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தை நாளுக்கு இரண்டோ அதற்கு மேலோ குடித்த ஆண்களுக்குக் கீல்வாதம் வரும் வாய்ப்பு 85 சதவீதம் கூடியதை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரை சேர்க்காத குளிர்பானத்துக்கு இந்தத் தொடர்பு இல்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அவற்றிலும் ஃபிரக்டோஸ் இருக்கிறது.

எதிர்ப்புரதத்தின் சர்க்கரை நுனியோ நாம் உண்ணும் இனிப்பின் அளவைப் பார்த்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை. அதை ஆள்பவை நொதிகளும் ஹார்மோன்களும் அழற்சிச் சமிக்ஞைகளும்தான். குளிர்பானத்தை விடுவதில் நன்மை உண்டு. அதை முடக்குவாதத்துக்கான சிகிச்சை என்று நம்பி மருந்தை நிறுத்துவது மூட்டைப் பலிகொடுப்பது. குளுக்கோசமின் மாத்திரைகளையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். குருத்தெலும்பு சர்க்கரைகளால் ஆனது, ஆகவே அந்தச் சர்க்கரையை விழுங்கினால் மூட்டு வளரும் என்ற எண்ணத்தில் அவை விற்பனையாகின்றன. அமெரிக்க அரசின் ஆதரவில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமினும் அதைப் போன்ற காண்ட்ராய்ட்டினும் மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக உதவவில்லை.

சிகிச்சையில் எங்கே நிற்கிறோம்

வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்தான் இன்றும் முடக்குவாத சிகிச்சையின் அடித்தளம். அதுவும் டி.என்.எஃப். சமிக்ஞையைத் தடுக்கும் ஊசி மருந்துகளும் வேலை செய்யும்போது, நோயாளியின் ஐ.ஜி.ஜி.யில் கேலக்டோஸ் மீண்டும் கூடுகிறது. அழற்சி கிளையைக் கெடுக்கிறது, கெட்ட கிளை அழற்சியைப் பெருக்குகிறது. அந்தச் சுழலை இந்த மருந்துகள் உடைக்கின்றன என்பதற்கு இது ஓர் அடையாளம். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வேறு மருந்துக்கு மாறவேண்டும். கர்ப்பத்தில் நோய் தானாகத் தணியும் என்று காத்திருப்பது சரியன்று, பாதிப் பேருக்கு அது தணிவதில்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால் அதையும் கவனிக்கவேண்டும்.

சர்க்கரையை நேரடியாகக் குறிவைக்கும் முயற்சிகள் இன்னும் எலிகளின் மட்டத்தில்தான் பெரும்பாலும் நிற்கின்றன. குளுக்கோஸை உடைக்கும் பாதையை முழுதாக அடைத்தால் மூளைக்கும் தசைக்கும் ஆபத்து. அதனால் அந்தப் பாதையின் முதல் படியில், அழற்சி கொண்ட சவ்வுச் செல்களில் மிகுந்திருக்கும் ஹெக்ஸோகைனேஸ்-2 என்ற நொதியை மட்டும் தடுக்க வழி தேடுகிறார்கள். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா, நம் எதிர்ப்புரதங்களின் சர்க்கரைக் கிளையை வெட்டித் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நொதி வைத்திருக்கிறது. அதே நொதியால் கிளையை வெட்டியபோது, எலிகளில் மூட்டழற்சியை உண்டாக்கும் எதிர்ப்புரதங்கள் தீங்கற்றவையாயின. சியாலிக் அமிலத்துக்கு மூலப்பொருளான சர்க்கரையை உணவில் கொடுத்து, எலிகளில் எலும்பு அரிப்பைக் குறைத்தும் காட்டியிருக்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியின் மிகப் பெரிய பயன், மருந்தைவிடக் காலம் சார்ந்தது என்று நினைக்கிறேன். முடக்குவாதம் மூட்டில் தொடங்கும் நோய் அன்று. வலி தெரிவதற்கு ஆண்டுகள் முன்பே எதிர்ப்புரதம் பிறக்கிறது, மாதங்கள் முன்பே அதன் சர்க்கரை மாறுகிறது, பிறகே சவ்வு வீங்குகிறது. அந்த மாற்றத்தை ஒரு ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே படிக்க முடிந்தால், எலும்பு அரிக்கப்படும் முன்பே நோயைத் தடுத்து நிறுத்தும் நாள் வரும். அதுவரை நம் கையில் இருக்கும் முன்னெச்சரிக்கை எளியது. கைவிரல், மணிக்கட்டு, கால்விரல் போன்ற சிறு மூட்டுகளில் வீக்கமும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பும் ஆறு வாரம் தொடர்ந்தால் அதை ‘வாயு’ என்று தைலம் தேய்த்துத் தள்ளிப்போடக் கூடாது. மூட்டுநோய் நிபுணரைப் பார்க்கவேண்டும். முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கியவர்களின் மூட்டுகள், தாமதித்தவர்களின் மூட்டுகளைவிட நன்றாகப் பிழைக்கின்றன. அந்த மாதங்களை வீணாக்காமல் இருப்பது நம்மால் இன்றே முடியும்.